புளூடூத் இயங்கவில்லையா? முதலில் இயக்கி எதுவெனக் கேளுங்கள்



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் எதிர்பார்க்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளிலும் நம் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கின்ற கணினிகளில் பல அதற்கு முந்தியவை. நன்கொடையாக வந்தவை, அலுவலகங்கள் கழித்துவிட்டவை, அண்ணன் படித்து முடித்தபின் தம்பிக்கு வந்தவை என்று அவை பல வகை. இவற்றைக் குப்பையில் போடாமல் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இயங்குதளங்களை நிறுவிப் பயன்படுத்தும் வழக்கம் பரவி வருவது மகிழ்ச்சிக்குரியது. இதனை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆயினும், இப்படி மாறியவர்கள் வாயிலாக ஒரு முறையீட்டை மீண்டும் மீண்டும் கேட்கிறேன். "ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறது, புளூடூத் மட்டும் வேலை செய்யவில்லை. லினக்ஸுக்கு இது ஒத்துவராது போலிருக்கிறது." இந்தக் கூற்றைத் தொடர்ந்து நிகழ்பவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, பெற்றோர் கடைக்குச் சென்று இன்னோர் அடாப்டரை வாங்குகிறார்கள். அதுவும் இயங்காமல் போனால் மூன்றாவதை வாங்குகிறார்கள். இரண்டு, நல்ல நிலையில் இருக்கும் கணினியையே "பழசு, உதவாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த அடாப்டரை இப்போது எந்த இயக்கி இயக்குகிறது?" என்பதே அது. இதற்கான விடை கணினிக்குள்ளேயே இருக்கிறது. காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். அந்த விடையை அறியாமல் பள்ளியின் பணத்திலோ வீட்டின் பணத்திலோ ஒரு ரிங்கிட்டையும் செலவழிக்கக் கூடாது என்பதும், அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வழி நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

இயக்கி என்பது யாது?

இயக்கி என்பது வன்பொருளுக்கும் இயங்குதளத்திற்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் எனலாம். அடாப்டரில் இருக்கும் சில்லு ஒரு மொழி பேசும். இயங்குதளம் வேறொரு மொழி பேசும். இருவர் பேச்சையும் அறிந்த ஒருவர் நடுவில் இல்லையென்றால் இரண்டும் ஊமைகளே.

விண்டோஸ் பயன்படுத்திப் பழகியவர்கள், பெட்டிக்குள் வரும் சிறு குறுந்தட்டில் இயக்கி இருக்கும் என்றே எண்ணுவார்கள். லினக்ஸில் நிலை வேறு. பெரும்பாலான இயக்கிகள் லினக்ஸின் உள்ளகமாகிய கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. புளூஸி எனப்படும் லினக்ஸின் புளூடூத் மென்பொருள் அடுக்கு 2001ஆம் ஆண்டிலேயே கெர்னலில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே, "லினக்ஸுக்குப் புளூடூத் ஒத்துவராது" என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே காலாவதியான கூற்று.

இங்கே ஓர் அரிய செய்தியையும் சொல்ல வேண்டும். யு.எஸ்.பி. துளையில் செருகும் புளூடூத் அடாப்டர்கள் எத்தனையோ நிறுவனங்களின் பெயர்களில் விற்கப்படுகின்றன. ஆனால், லினக்ஸில் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை இயக்குவது ஒரே இயக்கிதான். அதன் பெயர் பிடியுஎஸ்பி. எப்படி ஒரே இயக்கி இத்தனைக்கும் போதுமானதாகிறது? ஒவ்வொரு யு.எஸ்.பி. சாதனமும் தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று செருகிய உடனேயே கணினியிடம் அறிவிக்கும். "நான் விசைப்பலகை", "நான் அச்சுப்பொறி" என்பதுபோல, "நான் கம்பியில்லாச் சாதனம், அதிலும் புளூடூத்" என்று அறிவிக்கும் பொதுக் குறியீடு ஒன்று உண்டு. அக்குறியீட்டைக் கண்டவுடன் பிடியுஎஸ்பி முன்வந்து அதனைப் பொறுப்பேற்றுக்கொள்ளும். சில்லுக்குச் சில்லு மாறுபடும் தனித் தேவைகளைக் கவனிக்க அதற்குச் சில துணைக்கூறுகள் இருக்கின்றன. ரியல்டெக் சில்லுக்கு பிடிஆர்டிஎல், இன்டெல்லுக்கு பிடிஇன்டெல், பிராட்காமுக்கு பிடிபிசிஎம், மீடியாடெக்குக்கு பிடிஎம்டிகே என்பன அவை.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால், "இயங்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருப்பது விளங்கும்.

கணினியிடம் கேட்கும் முறை

முனையம் என்னும் கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டா. அது கணினியோடு எழுத்து வழியாகப் பேசும் இடம், அவ்வளவே. கீழே சொல்லும் கட்டளைகள் யாவும் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. எதனையும் அழிப்பதில்லை, எதனையும் மாற்றுவதில்லை. (கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.)

*முதற் கேள்வி: கணினி அடாப்டரைக் காண்கிறதா?*

எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்தெழுத்தையும் இடைவெளியின்றித் தட்டி நுழைவு விசையை அழுத்துங்கள். செருகப்பட்டுள்ள யு.எஸ்.பி. சாதனங்கள் யாவும் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க அடையாள எண் இருக்கும். நடுவில் ஒரு முக்காற்புள்ளி. முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும்; அடுத்த நான்கு அந்தப் பொருளைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, முதற்பகுதி 8087 என்றிருந்தால் இன்டெல். 0பிடிஏ என்றிருந்தால் ரியல்டெக். 0ஏ12 என்றிருந்தால் கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ, சுருக்கமாக சி.எஸ்.ஆர். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு முறையும் செருகிய பின் ஒரு முறையும் இக்கட்டளையைக் கொடுத்து, எந்த வரி புதிதாக வந்தது என்று ஒப்பிட்டால் ஐயமே இராது. புதிய வரி எதுவும் வரவில்லையென்றால் கோளாறு இயக்கியில் அன்று, துளையிலோ அடாப்டரிலோதான்.

மடிக்கணினிக்குள்ளேயே பொருத்தப்பட்ட புளூடூத்தையும் இப்பட்டியலில்தான் தேட வேண்டும். வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருந்தாலும், பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை ஒரு வழியிலும் புளூடூத் உள்ளிருக்கும் யு.எஸ்.பி. வழியிலும் கணினியோடு இணைகின்றன. ஆகையால், வைஃபை நன்றாக இயங்குவதைக் கொண்டு புளூடூத்தின் நிலையை முடிவு செய்ய இயலாது.

*இரண்டாம் கேள்வி: யார் இயக்குகிறார்?*

அதே ஐந்தெழுத்துக் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் டி என்னும் எழுத்தும் சேர்த்துத் தட்டுங்கள். இப்போது பட்டியல் மரம்போலக் கிளை பிரிந்து வரும். ஒவ்வொரு வரியிலும் "டிரைவர்" என்ற சொல்லும் சமக்குறியும், அதன்பின் இயக்கியின் பெயரும் இருக்கும். புளூடூத் அடாப்டரின் வரியில் பிடியுஎஸ்பி என்றிருந்தால் இயக்கி பொறுப்பேற்றுவிட்டது என்று பொருள். அந்த இடம் வெறுமையாகவோ, "ஒன்றுமில்லை" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடோ இருந்தால், எவரும் பொறுப்பேற்கவில்லை.

ஒரே அடாப்டருக்கு இரண்டு வரிகள் வருவதைக் கண்டு சிலர் குழம்புவர். குழம்ப வேண்டியதில்லை. பொதுத் தரவுக்கு ஒரு பாதை, குரல் ஒலிக்கு மற்றொரு பாதை என இரண்டு இடைமுகங்கள் அதற்குண்டு. இரண்டையும் பிடியுஎஸ்பியே ஏற்றிருக்கும்.

இங்கேயே ஒரு பொதுவான மயக்கமும் தெளியும். கம்பியில்லாச் சுட்டெலியோடு வரும் சிறு யு.எஸ்.பி. துண்டைப் புளூடூத் அடாப்டர் என்று எண்ணிப் பலர் அதனோடு ஒலிபெருக்கியை இணைக்க முயல்கின்றனர். அதன் வரியில் யுஎஸ்பிஹெச்ஐடி என்று வந்தால், கணினி அதனை விசைப்பலகையாகவோ சுட்டெலியாகவோதான் காண்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தம் சுட்டெலியோடு மட்டும் பேசுபவை, புளூடூத்தே அல்ல. எத்தனை நாள் முயன்றாலும் ஒலிபெருக்கி அதனோடு இணையாது.

*மூன்றாம் கேள்வி: சில்லுக்கு வேண்டிய நிலைபொருள் கிடைத்ததா?*

பல சில்லுகள் செருகியவுடன் முழுமையாக விழித்துக்கொள்வதில்லை. அவற்றுக்குள் ஏற்ற வேண்டிய ஒரு சிறு கோப்பு உண்டு. அதனை நிலைபொருள் என்கிறோம். இயக்கி மொழிபெயர்ப்பாளர் என்றால், நிலைபொருள் அந்தச் சில்லு உண்ண வேண்டிய காலை உணவு. உணவு வராவிடில் வேலை நடவாது. டிஎம்இஎஸ்ஜி என்னும் கட்டளை, கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தவற்றைக் காட்டும். சில பதிப்புகளில் இதற்கு நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். அதனை ஆசிரியரே இடுவது நலம். அந்நாட்குறிப்பில் புளூடூத் என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். எந்த நிலைபொருள் கோப்பைத் தேடியது, கிடைத்ததா இல்லையா என்று தெளிவாக எழுதியிருக்கும். கழித்தல் 2 என்னும் பிழை எண் வந்தால், "அப்படியொரு கோப்பு இங்கில்லை" என்று பொருள். அந்நிலையில் வேண்டியது புதிய அடாப்டர் அன்று. இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து நிலைபொருள் தொகுப்பைப் புதுப்பித்தலே. டெபியன் பயன்படுத்துவோர் இதில் சற்றுக் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். 2023இல் வெளியான டெபியன் 12இலிருந்துதான் கட்டற்றவையல்லாத நிலைபொருள்கள் அதன் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்திய பதிப்பை நிறுவியவர்களிடம் அக்கோப்பு இல்லாதிருக்க வாய்ப்பு மிகுதி.

*நான்காம் கேள்வி: கதவு பூட்டியிருக்கிறதா?*

ஆர்எஃப்கில் என்னும் சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு லிஸ்ட் என்று தட்டினால், கம்பியில்லாக் கருவிகள் ஏதேனும் தடுத்து வைக்கப்பட்டுள்ளனவா என்று தெரியும். மென்தடை, வன்தடை என இரண்டு உண்டு. மென்தடை அமைப்புகளில் ஒரு சொடுக்கில் நீங்கும். வன்தடை, மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள பொத்தானாலோ விசைப்பலகையின் தனி விசையாலோ ஏற்பட்டதாக இருக்கும். இயக்கியும் நிலைபொருளும் ஒழுங்காக இருந்தும் இந்தக் கதவு மூடியிருந்த காரணத்தால் கடைக்குச் சென்ற கணினிகளும் உண்டு.

அட்டைப்பெட்டி சொல்வது வேறு. உள்ளே இருப்பது வேறு

இவ்வளவு ஏன் கேட்க வேண்டும், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தால் போதாதா என்று சிலர் வினவலாம். போதாது என்பதே என் உறுதியான கருத்து. பெட்டியின் மேல் இருக்கும் பெயர் விற்பவரின் பெயர். உள்ளே இருக்கும் சில்லு மற்றொருவருடையது. ஒரே வணிகப் பெயரில், ஒரே வடிவத்தில் விற்கப்படும் அடாப்டருக்குள் இன்று ஒரு சில்லும் நாளை வேறு சில்லும் இருக்கக்கூடும். இயக்கி பார்ப்பது சில்லைத்தான், பெட்டியை அன்று.

இதனினும் ஒருபடி மேலே செல்வோம். 0ஏ12:0001 என்னும் அடையாள எண் சி.எஸ்.ஆர். நிறுவனத்தின் சில்லுக்கு உரியது. அந்நிறுவனம் 2015ஆம் ஆண்டில் குவால்காமோடு இணைந்துவிட்டது. ஆனால், அந்த எண்ணைத் தாங்கிய மலிவான அடாப்டர்கள் இன்றும் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல, பிறருடைய அடையாள எண்ணைத் தம்முடையதாகக் கூறிக்கொள்ளும் போலிகள். பிறர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேர்வு எழுத வந்தவரைப் போன்றவை அவை. தான் இன்ன தலைமுறைச் சில்லு என்று ஒரு போலி கூறும். அதன் உட்பதிப்பு எண்ணோ அதற்குப் பொருந்தாது. கெர்னலை எழுதுவோர் இந்த முரண்பாட்டையே துப்பாகக் கொண்டு, போலியைக் கண்டறியும் நிரலைப் பிடியுஎஸ்பிக்குள் சேர்த்திருக்கிறார்கள். புதிய கெர்னல்களில், "இது சி.எஸ்.ஆர். நகல், மாற்று வழிகளைக் கையாள்கிறேன்" என்னும் பொருள்பட நாட்குறிப்பில் ஒரு வரி எழுதப்படும். போலியென்று தெரிந்தும் அதனை விரட்டாமல், இயன்றவரை இயக்க முயல்வது அவர்களின் பெருந்தன்மை. சிலவற்றைக் காப்பாற்ற இயலும், சிலவற்றை இயலாது.

எண்ணிப் பாருங்கள். இதனை அறியாத தந்தை ஒருவர், இயங்காத அடாப்டருக்கு மாற்றாக அதே கடையில் அதே விலையில் மற்றொன்றை வாங்கினால், மீண்டும் அதே போலியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவார். பின்னர்ப் பழி லினக்ஸின் மீது விழும். அல்லது கணினியின் மீது விழும்.

எங்கள் கணினி அறையில் கண்டது

கேட்டல், பேச்சுத் திறன்களுக்காக எங்கள் கணினி அறையில் ஒலிபெருக்கியையும் தலையணி ஒலிவாங்கிகளையும் புளூடூத் வழி இணைக்க முனைந்தோம். ஒரே பெட்டி அமைப்பில் வந்த நான்கு அடாப்டர்கள். இரண்டு இயங்கின, இரண்டு இயங்கவில்லை. பார்வையிட வந்த விற்பனையாளர் ஒருவர், "இந்தக் கணினிகள் பழையவை, மாற்றிவிடுவதே நல்லது" என்று விலைப்பட்டியலை நீட்டினார். கணினியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவரை அழைத்து, மேற்சொன்ன கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொன்னேன். இயங்கிய இரண்டும் 0ஏ12 எனத் தொடங்கின. இயங்காத இரண்டும் 0பிடிஏ எனத் தொடங்கின. நான்கையும் பிடியுஎஸ்பியே ஏற்றிருந்தது. ஆகவே, இயக்கி இல்லை என்பது காரணம் அன்று. நாட்குறிப்பைப் படித்தபோது, ரியல்டெக்குக்கு உரிய நிலைபொருள் கோப்பு இல்லை என்ற வரி இரண்டு கணினிகளிலும் இருந்தது. நிலைபொருள் தொகுப்பைப் புதுப்பித்து, அடாப்டரைப் பிடுங்கி மீண்டும் செருகியதும் இரண்டும் இயங்கின. செலவு ஏதுமில்லை.

அதைவிடவும் என் நெஞ்சில் பதிந்தது அம்மாணவருள் ஒருவர் கேட்ட கேள்வி. அப்போது கெர்னலில் ஏற்றப்பட்டிருக்கும் கூறுகளைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையைக் கொடுத்திருந்தோம். "ஐயா, இங்கே பிடிஇன்டெல் என்றும் இருக்கிறதே, அப்படியானால் இது இன்டெல் சில்லா?" என்றார். நல்ல ஐயம்! பிடியுஎஸ்பி ஏறும்போது அதன் துணைக்கூறுகள் யாவும் சேர்ந்தே ஏறிவிடும். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அது இங்கே வேலை செய்கிறது என்று ஆகாது. வகுப்புப் பட்டியலில் பெயர் உள்ள மாணவர் எல்லாரும் இன்று பள்ளிக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? வருகைப் பதிவைப் பார்க்க வேண்டுமல்லவா? அந்த வருகைப் பதிவுதான் நாட்குறிப்பும் அடையாள எண்ணும் என்று விளக்கினேன். ஒரு சான்று எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்று பகுத்துப் பார்க்கும் பாடத்தை ஒரு மலிவான அடாப்டர் அன்று நடத்திவிட்டது.

சில மறுப்புகளும் என் விடைகளும்

"இது ஆசிரியரின் வேலையா?" என்று உடன்பணிபுரியும் நண்பர்கள் கேட்பதுண்டு. ஆசிரியருக்கு இருக்கும் பணிச்சுமையை நான் அறியாதவன் அல்லேன். பழுது பார்ப்பது நம் வேலை அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கேள்வி கேட்கக் கற்பிப்பது நம் வேலையே. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின், வகுப்பறையில் நிகழும் கற்றலுக்கே முதன்மை தரப்படுகிறது. காண்பது, ஒப்பிடுவது, காரணம் கூறுவது, முடிவுக்கு வருவது ஆகிய அறிவியல் செயற்பாங்குகளை நூலில் உள்ள படத்தைக் காட்டிக் கற்பிக்கிறோம். கண்ணெதிரே இருக்கும் கணினியைக் கொண்டு கற்பித்தால் என்ன குறை?

"பிள்ளைகள் எதையாவது கெடுத்துவிடுவார்கள்" என்பது மற்றோர் அச்சம். மேற்சொன்னவை யாவும் பார்க்கும் கட்டளைகள். கெடுவதற்கு வழியில்லை. உண்மையில் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இயக்கியைத் தேடுகிறேன் என்று இணையத்தில் முன்பின் அறியாத தளங்களிலிருந்து கோப்புகளைப் பதிவிறக்கம் செய்வதே பேராபத்து. இயக்கி என்ற பெயரில் தீம்பொருளை ஏற்றிவிடும் தளங்கள் ஏராளம். இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது என்று கணினியைக் கேட்டே அறிந்துகொண்ட பிள்ளை, அத்தகைய தளங்களின் வாசலுக்கே போகாது. பெற்றோர்கள் இதனை ஒரு பாதுகாப்புப் பாடமாகவே கருதலாம்.

"அடாப்டரின் விலை சொற்பம், புதிதாக வாங்கிவிடலாமே" என்பார் உளர். உண்மைதான், அடாப்டரின் விலை சொற்பமே. ஆனால் தவறான தீர்ப்பின் விலை சொற்பமன்று. "இந்தக் கணினி உதவாது" என்ற தீர்ப்பு, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் ஒரே கணினியைப் பறித்துவிடுகிறது. "பள்ளிக் கணினிகள் பழையவை" என்ற தீர்ப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டு முழுவதும் உழைத்துத் திரட்டிய நிதியைக் கரைத்துவிடுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் வீண் வேலை இது.

"கேட்டும் பயனில்லாமல் போனால்?" என்பது இறுதி மறுப்பு. போகலாம். சில்லு மிகப் புதியதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால், இயக்கிக்கு அந்த எண் தெரியாமலிருக்கும். அப்போது கெர்னலைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மீட்க முடியாத போலியாக இருந்தால் வேறொன்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால், அவ்வாறு வாங்கும்போது எதனைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்து வாங்குகிறோம், கடைக்காரரிடம், "இதில் என்ன சில்லு இருக்கிறது?" என்று கேட்டு வாங்குகிறோம். காரணம் அறிந்து செலவிடுவதற்கும் ஊகித்துச் செலவிடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தமிழிலேயே பேசலாம்

மொழியாசிரியன் என்ற முறையில் மேலும் ஒன்று. இயக்கி, சில்லு, நிலைபொருள், முனையம், கட்டளை, இடைமுகம், களஞ்சியம் ஆகிய சொற்கள் யாவும் இக்கட்டுரையில் இடர்ப்பாடின்றிப் பயன்பட்டன அல்லவா? கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அவற்றைப் பற்றிய சிந்தனையும் உரையாடலும் தமிழில் இருக்கத் தடை ஏதுமில்லை. "இயக்கி பொறுப்பேற்றுவிட்டது, ஆனால் நிலைபொருள் கிடைக்கவில்லை" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் சொன்னபோது, கலைச்சொற்கள் அகராதியைவிட்டு இறங்கி வந்து வேலை செய்வதைக் கண்டேன். தமிழில் அறிவியல் பேச முடியுமா என்று மேடைகளில் வாதிடுவதைவிட, கணினி அறையில் பேசிக்காட்டுவது மேல்.

என் வேண்டுகோள்

ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் மூன்றே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு பள்ளிக் கணினி அறையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்தக் கணினியில் எந்த அடாப்டர், அதன் எட்டு இலக்க அடையாள எண் யாது, இயக்கி எது, நிலைபொருள் கிடைத்ததா, கெர்னல் பதிப்பு என்ன ஆகியவற்றை மாணவர்களே கண்டறிந்து எழுதட்டும். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு அது பெருந்துணையாகும்.

இரண்டாவது, "வேலை செய்யவில்லை" என்ற காரணத்தால் எந்தப் பொருளையும் மாற்றக் கோரும்போது, அக்குறிப்பேட்டின் பக்கத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டுப் பெறட்டும். மருத்துவரின் சோதனை அறிக்கையைப் பாராமல் அறுவை மருத்துவத்திற்கு ஒப்பமிடுகிறோமா?

மூன்றாவது, வீட்டில் கணினி முரண்டு பிடிக்கும்போது, "அதைத் தொடாதே" என்று பிள்ளையை விரட்டாமல், "அது என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்" என்று பெற்றோர் சொல்லிப் பழகட்டும். பிள்ளை கொண்டுவரும் விடை உங்களுக்கு முழுமையாக விளங்காவிட்டாலும் பரவாயில்லை. விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்கும்போதே பிள்ளை மேலும் தெளிவடையும்.

இவற்றுள் முதலாவதை இந்தத் தவணையிலேயே தொடங்கலாம். அதற்கு வேண்டியவை பழைய பயிற்றுப்புத்தகம் ஒன்றும், ஆர்வமுள்ள மாணவர் இருவரும், அரை மணி நேரமும் மட்டுமே.